பூம்பூம் மாடாக வேண்டாம்: இங்கிலாந்தில் பிள்ளை பெறப்போகும் தமிழ்ப் பெண்களுக்கு

லண்டன் மருத்துவமனைகளின் மகப்பேற்றுப் பிரிவுகளுக்குத் தமிழ் மொழிபெயர்ப்பாளராகப் பதினோரு ஆண்டுகளாகப் போய்வருகிறேன். ஈஸ்ட் ஹாம், ஹாரோ, டூட்டிங் என்று எந்தப் பக்கம் போனாலும் ஒரு காட்சி மட்டும் மாறுவதில்லை. மருத்துவச்சி பத்து நிமிடம் விளக்குவார். எதிரே இருக்கும் பெண் தலையை மெல்ல இருபுறமும் ஆட்டுவார். நம் ஊரில் அந்த ஆட்டத்துக்கு எத்தனை பொருள்! ‘சரி’, ‘கேட்டுக்கொண்டேன்’, ‘படித்தவர் நீங்கள், சொன்னால் சரியாகத்தான் இருக்கும்’, ‘ஒன்றும் புரியவில்லை, அதைச் சொல்லத்தான் கூச்சமாக இருக்கிறது’. மருத்துவச்சிக்கு அதில் ஒரு பொருள்தான் தெரியும். ‘கவலை ஏதும் இல்லை’ என்று குறிப்பில் எழுதிவிட்டு அடுத்தவரை அழைத்துவிடுவார்.

நானும் அப்படி ஆட்டியவள்தான். மூத்தவன் பிறந்தபோது நான் இந்த நாட்டுக்கு வந்து ஏழு மாதம். எதற்குச் சம்மதித்தேன் என்பதே தையல் பிரித்த பிறகுதான் தெரிந்தது. ஆகவே இதை உபதேசமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். முன்னால் போய்த் தடுக்கி விழுந்தவள், பின்னால் வருபவர்களுக்குக் கல் இருக்கும் இடத்தைச் சொல்கிறேன்.

இங்கே மருத்துவச்சிகளுக்குப் பயிற்சியிலேயே ஒன்றைச் சொல்லிக்கொடுக்கிறார்கள்: ஒரு பெண்ணின் மொழி, உணவு, நம்பிக்கை, குடும்ப வழக்கம் எதையும் ஊகிக்கக் கூடாது, கேட்டறிய வேண்டும். ஒரே காலையில் சோமாலியப் பெண், போலந்துப் பெண், வங்காளதேசத்துப் பெண், கட்டுப்பாடான யூதக் குடும்பத்துப் பெண் என்று பார்ப்பவருக்கு நம் வழக்கம் எப்படித் தெரியும்? கேட்பது அவர் வேலை. வாய் திறந்து சொல்வது நம் வேலை. இனி வருவது எதை, எப்போது, எப்படிச் சொல்வது என்பதுதான். இங்கிலாந்தின் நடைமுறையை வைத்து எழுதுகிறேன். ஸ்காட்லாந்திலும் வேல்ஸிலும் சில விவரங்கள் வேறுபடும்.

முதலில், மருத்துவச்சி என்பவர் யார்?

தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களுக்கு மருத்துவச்சி என்றதும் கிராமத்துப் பாட்டி நினைவுக்கு வருவார். ‘ஒரு தடவைகூட டாக்டர் பார்க்கவில்லையே, நம்மை இளப்பமாக நடத்துகிறார்களோ’ என்று பெண்கள் என்னிடம் கிசுகிசுப்பதுண்டு. இளப்பம் ஒன்றும் இல்லை. இங்கிலாந்தில் 1902-ஆம் ஆண்டே மருத்துவச்சிகளுக்கென்று தனிச் சட்டம் வந்துவிட்டது. இன்று அவர்கள் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்று, சட்டப்படியான பதிவேட்டில் பெயர் பதிந்தவர்கள். சிக்கல் இல்லாத கர்ப்பத்தைத் தொடக்கம் முதல் பிரசவம் வரை அவர்களே பார்க்கலாம். சிக்கல் என்றால் மகப்பேற்று மருத்துவரிடம் அனுப்புவார்கள்.

இலங்கையிலிருந்து வந்தவர்களுக்கு இது புதிதல்ல. 1926-இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவு முறையின் வழியாக ‘மிட்வைஃப் அம்மா’ வீடு தேடி வந்த நாடு அது.

ஒரு சின்னச் சங்கடம் மட்டும் உண்டு. இங்கே அவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். மேடமும் வேண்டாம், சிஸ்டரும் வேண்டாம். பழக இரண்டு மாதம் ஆகும்.

நாள் தள்ளிப்போனது தெரிந்த வாரமே

மூன்று மாதம் முடியும் வரை வெளியில் சொல்லக் கூடாது என்பது நம் வழக்கம். சொந்தக்காரர்களிடம் சொல்ல வேண்டாம், மருத்துவச்சியிடம் சொல்லிவிடுங்கள். முதல் சந்திப்பு 10 வாரத்துக்குள் நடப்பது நல்லது; சில இரத்தப் பரிசோதனைகளை அதற்குள் செய்ய வேண்டும். ஜி.பி. எனப்படும் குடும்ப மருத்துவர் வழியாகப் போகலாம். அல்லது அருகிலுள்ள மருத்துவமனையின் இணையதளத்தில் நீங்களே படிவம் நிரப்பலாம்; யாருடைய பரிந்துரையும் தேவையில்லை.

ஃபோலிக் அமிலம் நாளுக்கு 400 மைக்ரோகிராம், 12 வாரம் வரை. வைட்டமின் டி நாளுக்கு 10 மைக்ரோகிராம். நம் தோல் நிறத்துக்கும் இந்த நாட்டு வெயிலுக்கும் இது அவசியம். நீரிழிவோ, தலசீமியா என்ற பரம்பரை இரத்த நோயின் கூறோ இருந்தால் ஃபோலிக் அமிலத்தின் அளவு கூடும். அதை மருத்துவரிடம் கேட்டே எடுக்க வேண்டும்.

பணம் பற்றி: விசாவுடன் சுகாதாரக் கூடுதல் கட்டணம் கட்டி வந்தவர்களுக்கு மகப்பேற்றுக் கவனிப்புக்குத் தனிக் கட்டணம் இல்லை. அகதிக் கோரிக்கை வைத்திருப்பவர்களுக்கும் இல்லை. சுற்றுலா விசாவில் இருப்பவர்களுக்குக் கட்டணம் உண்டு. ஆனால் பணம் கட்டவில்லை என்பதற்காக மகப்பேற்றுக் கவனிப்பை மறுக்கவோ தள்ளிப்போடவோ விதி இடம் தருவதில்லை. பில்லுக்குப் பயந்து ஏழாம் மாதம் வரை வீட்டுக்குள்ளேயே இருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்தத் தவறு மட்டும் வேண்டாம்.

மருத்துவச்சியிடம் மகப்பேற்று விலக்குச் சான்றிதழ் கேளுங்கள். மருந்துச் சீட்டுகளும் பல் மருத்துவமும் குழந்தை பிறந்து ஓராண்டு வரை இலவசமாகிவிடும்.

மொழிபெயர்ப்பாளரைக் கேட்டு வாங்குங்கள்

இதைச் சொல்லும்போது என் பிழைப்புக்காகப் பேசுகிறேன் என்று நினைக்க வேண்டாம். மொழிபெயர்ப்பாளர் உங்களுக்கு இலவசம். சந்திப்புக்கு நாள் குறிக்கும்போதே ‘தமிழ் இன்டர்பிரெட்டர் ப்ளீஸ்’ என்று சொன்னால் போதும். நேரில் ஒருவர் வருவார், அல்லது தொலைபேசியில் பேசுவார். பெண்தான் வேண்டும் என்றும் கேட்கலாம்.

‘வீட்டுக்காரர் இருக்கிறாரே, எதற்கு வேறு ஆள்?’ என்பார்கள். கணவர்கள் கெட்டவர்கள் அல்லர்; ஆனால் சுருக்கிவிடுவார்கள். மருத்துவச்சி ஐந்து வாக்கியம் சொன்னால், ‘ஒன்றுமில்லையாம்’ என்பார். மனைவி ஐந்து வாக்கியம் அழுதுகொண்டே சொன்னால், ‘கொஞ்சம் களைப்பாம்’ என்பார். என் கணவரும் அப்படித்தான். இன்றும் அவருடன் சண்டை போட அது ஒரு காரணம். மாமியார் மொழிபெயர்த்தால் கதையே வேறு. பள்ளிக்கூடத்துப் பிள்ளையை அழைத்துவந்து பேசவைப்பது பிள்ளைக்கும் கொடுமை.

இன்னொன்று, தமிழர்களுக்கே உரியது. எந்தத் தமிழ் என்று சொல்லுங்கள். யாழ்ப்பாணத்துப் பெண் ‘எனக்கு அடிவயிற்றில் நோ, ஒரே வருத்தம்’ என்கிறார். மொழிபெயர்ப்பாளர் மதுரைக்காரர் என்று வையுங்கள். ‘வருத்தம்’ அவர் காதில் மனத்துயரமாக விழும். ஆங்கிலத்தில் அது சோகமாகிவிடும். அந்தப் பெண் சொன்னதோ உடல்நோய். குளிசை என்றால் மாத்திரை என்பதும் எல்லோருக்கும் தெரியாது. தொடக்க காலத்தில் நானே தடுமாறியிருக்கிறேன். ஆகவே ‘ஸ்ரீலங்கன் தமிழ்’ அல்லது ‘இந்தியன் தமிழ்’ என்று முதலிலேயே குறிப்பிடுவது நல்லது.

‘நம் ஆள் ஒருவர் வந்தால் ஊரெல்லாம் சொல்லிவிடுவாரே’ என்ற பயமும் எனக்குத் தெரியும். கோயிலிலும் தமிழ்ப் பள்ளியிலும் பார்க்கிற முகம்தானே. நாங்கள் கேட்டதை வெளியில் சொல்லக் கூடாது. சொன்னால் வேலை போகும். அப்படியும் மனம் ஒப்பவில்லை என்றால் தொலைபேசி மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். அவர் வேறு ஊரில் இருப்பார், முகம் தெரியாது.

மொழிபெயர்ப்பாளர் இல்லாத நேரத்தில் ஒரு கண்ணி இருக்கிறது. ‘வலி இல்லையே?’ என்று கேட்டால் தமிழில் நாம் ‘ஆமாம்’ என்கிறோம். இல்லை என்பது சரி என்ற பொருளில். ஆங்கிலத்தில் ‘யெஸ்’ என்றால் வலி இருக்கிறது என்றாகிவிடும். இத்தகைய கேள்விக்கு ஆம், இல்லை வேண்டாம். ‘நோ பெயின்’ அல்லது ‘பெயின் ஹியர்’ என்று முழுதாகச் சொல்லி, கையையும் வைத்துக் காட்டுங்கள்.

முதல் சந்திப்பின் கேள்விகள்

ஒரு மணி நேரம்கூடப் போகும். முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடுங்கள். கடவுச்சீட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயராகப் பதிவாகியிருக்கும். காத்திருக்கும் அறையில் ‘மிஸஸ் சண்முகம்’ என்று கூப்பிடுவார்கள். அப்பா ஊரில் திண்ணையில் உட்கார்ந்திருக்க, யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று நீங்கள் அசையாமல் இருப்பீர்கள், சந்திப்பு தவறிப்போகும். எப்படிக் கூப்பிட வேண்டும், அதை எப்படி உச்சரிக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுங்கள், எழுதிவைத்துக்கொள்வார்கள். குழந்தையின் கைப்பட்டையில் முதலில் உங்கள் குடும்பப் பெயர்தான் இருக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். தாத்தா பெயரைப் பார்த்துப் பிள்ளை மாறிவிட்டதோ என்று பதறிய ஒரு பாட்டியைச் சமாதானப்படுத்தியிருக்கிறேன்.

பிறகு கேட்பார்: ‘உங்களுக்கும் கணவருக்கும் இரத்த உறவு உண்டா?’ மாமன் மகன், அத்தை மகன், தாய்மாமன் என்று நம்மிடையே மணப்பது வழக்கம். இங்கே அதை முகம் சுளித்துப் பார்ப்பார்களோ என்று பலர் ‘இல்லை’ என்றுவிடுகிறார்கள். உண்மையைச் சொல்லுங்கள். பரம்பரையாக வரும் நோய்களுக்கு எந்தச் சோதனை தேவை என்று முடிவெடுக்கத்தான் அந்தக் கேள்வி. தலசீமியா, அரிவாள் செல் என்ற பரம்பரை இரத்த நோய்களுக்கான சோதனையும் இதே வகைதான். அதற்காக உங்கள் பூர்வீகத்தையும் கணவரின் பூர்வீகத்தையும் கேட்பார்கள்.

ஒரு குழாயில் ஊதச் சொல்வார்கள். உங்களைப் புகைபிடிப்பவர் என்று சந்தேகப்படவில்லை. உடலில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறதா என்று எல்லோரிடமும் பார்ப்பார்கள். வீட்டில் பழுதான கேஸ் அடுப்போ கொதிகலனோ இருந்தாலும் அதில் தெரிந்துவிடும்.

ஒரு கட்டத்தில் கணவரை வெளியே அனுப்பிவிட்டு, ‘வீட்டில் உங்களை யாராவது அடிக்கிறார்களா, பயமுறுத்துகிறார்களா?’ என்று கேட்பார்கள். பெரும்பாலான பெண்கள் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள்; சிலர் சிரிக்க மாட்டார்கள். இது எல்லாப் பெண்களிடமும் கேட்கப்படும் கேள்வி. உங்கள் குடும்பத்தைப் பற்றித் தவறாக நினைத்துக் கேட்பதல்ல. கணவர்களுக்கும் இதைச் சொல்லிவைக்கிறேன்: வெளியே போகச் சொன்னால் கோபித்துக்கொள்ளாமல் போய் ஒரு தேநீர் குடியுங்கள். பெண்களுக்கு: அந்த அறையில் சொல்வது கணவர் காதுக்குப் போகாது. விசா அவர் பெயரில் இருப்பதால் பேசக் கூடாது என்று நினைத்தவர்கள்கூட அங்கே பேசி உதவி பெற்றிருக்கிறார்கள். அன்று முடியாவிட்டால் அடுத்த முறை சொல்லலாம்.

போர் நடந்த மண்ணிலிருந்து வந்தவர்களுக்குத் தனியாக ஒரு சொல். 2009-க்கு முன்னும் பின்னும் வன்னியில் என்ன நடந்தது என்பது இளம் மருத்துவச்சி ஒருவருக்குத் தெரியாமல் இருக்கலாம். தடுப்பு முகாம், சோதனைச்சாவடி, சீருடை, பூட்டிய அறை என்று அவரிடம் கதையாகச் சொல்ல வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை. ஒரு வாக்கியம் போதும்: ‘என் உடலைத் தொட்டுப் பார்ப்பது எனக்குக் கடினம், காரணம் கேட்காதீர்கள்.’ அதைக் குறிப்பில் எழுதச் சொல்லுங்கள். பெண் ஊழியர் மட்டும் வேண்டும், தொடும் முன் சொல்லிவிட்டுத் தொட வேண்டும், கையைத் தூக்கினால் உடனே நிறுத்த வேண்டும், கதவு திறந்திருக்க வேண்டும் என்று நிபந்தனை வைக்கலாம். உள்பரிசோதனையே வேண்டாம் என்றும் சொல்லலாம். இதை முன்கூட்டிச் சொன்ன பெண்களுக்கும் சொல்லாதவர்களுக்கும் பிரசவ அறையில் இருந்த வேறுபாட்டை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். இந்தக் கட்டுரையில் ஒரு பத்தியைத்தான் படிக்க நேரம் என்றால், இதைப் படிக்கச் சொல்வேன்.

நடு மாதங்கள்

14 வாரத்துக்குள் முதல் ஸ்கேன், 18 முதல் 21 வாரத்துக்குள் இரண்டாவது. ஆணா பெண்ணா என்பதை இரண்டாவது ஸ்கேனில் கேட்டால் பெரும்பாலும் சொல்வார்கள். இந்தியாவில் 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி அது குற்றம் என்பதால் நம்மவர்கள் திடுக்கிடுகிறார்கள். தெரிய வேண்டாம் என்றால் ஸ்கேன் தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள். கணவருக்கு மட்டும் தெரியட்டும் என்று ஏற்பாடு செய்யாதீர்கள். அந்த முகத்தை வைத்துக்கொண்டு எந்த ஆணாலும் நான்கு மாதம் ஓட்ட முடியாது.

24 முதல் 28 வாரத்துக்குள் சர்க்கரைச் சோதனை. தெற்காசியப் பெண்களுக்குக் கர்ப்ப கால நீரிழிவு வரும் வாய்ப்பு கூடுதல் என்பதால் ஒல்லியாக இருந்தாலும் உங்களை அழைப்பார்கள். வெறும் வயிற்றில் போய், இரத்தம் கொடுத்து, இனிப்புத் திரவம் குடித்து, இரண்டு மணி நேரம் கழித்து மீண்டும் இரத்தம் கொடுக்க வேண்டும். சர்க்கரை இருந்தால் உணவு அட்டவணை ஒன்று கையில் தருவார்கள். அதில் ரொட்டியும் உருளைக்கிழங்கும் இருக்கும்; இட்லி இருக்காது. சும்மா வாங்கி வராதீர்கள். நீங்கள் உண்மையில் என்ன சாப்பிடுகிறீர்கள், எத்தனை கரண்டிச் சோறு, புட்டா இடியாப்பமா என்று சொல்லி, அதற்கேற்ப உணவு ஆலோசகரிடம் கேளுங்கள். வீட்டுத் தட்டைப் படம் எடுத்துக் காட்டலாம். பப்பாளி, அன்னாசி, எள் தவிர்ப்பதும் விரதம் இருப்பதும் அப்போதே பேச வேண்டியவை.

அரிப்பைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். உள்ளங்கை, உள்ளங்கால் அரித்து இரவில் தூக்கம் போனால், ‘சூடு’ என்று எண்ணெய் தேய்ப்பார்கள். பிள்ளைக்கு முடி முளைக்கிறது என்பார்கள். அது கல்லீரல் தொடர்பான சிக்கலாக இருக்கலாம். பிரிட்டனில் பொதுவாக ஆயிரம் கர்ப்பங்களில் ஏழுக்கு வரும் இந்தச் சிக்கல், இந்திய, பாகிஸ்தானிய வழிவந்த பெண்களிடம் அதைவிட ஏறக்குறைய இருமடங்கு காணப்படுகிறது. இரத்தச் சோதனை கேளுங்கள்.

பிள்ளையின் அசைவு வழக்கத்தைவிடக் குறைந்தால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. நள்ளிரவானாலும் மகப்பேற்றுப் பிரிவுக்குத் தொலைபேச வேண்டும். ‘தொந்தரவு கொடுக்கிறோமோ’ என்ற தயக்கம் நம் பெண்களுக்கு அதிகம். அந்த எண்ணுக்குப் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்திருப்பதே உங்கள் தொந்தரவுக்காகத்தான்.

தடுப்பூசிகள்: கக்குவான் இருமலுக்கு 16 வாரத்திலிருந்து, ஆர்.எஸ்.வி. நுரையீரல் தொற்றுக்கு 28 வாரத்திலிருந்து. வேலை பார்ப்பவர்கள் ‘மேட்-பி-1’ படிவத்தை 20 வாரத்துக்குப் பிறகு கேட்டு வாங்குங்கள். பேறுகால ஊதியத்துக்கு அதுதான் சான்று.

வழக்கங்களைத் தாளில் எழுதுங்கள்

பிரசவத் திட்டம் என்று ஒரு தாள் தருவார்கள், அல்லது செயலியில் நிரப்பச் சொல்வார்கள். பலர் வெறுமையாக விட்டுவிடும் அந்தத் தாளில்தான் நம் பண்பாட்டுக்கு இடம் இருக்கிறது. நான் எழுதச் சொல்பவை இவை.

தாலி. அறுவைசிகிச்சை என்றால் பல மருத்துவமனைகளில் கழுத்து நகைகளைக் கழற்றச் சொல்வார்கள். அவசர நேரத்தில் அது அழுகையில் போய் முடியும். ஒன்பதாம் மாதமே தாலிக்கொடியை வீட்டில் வைத்துவிட்டு மஞ்சள் கயிற்றுக்கு மாறிக்கொள்ளும் குடும்பங்கள் உண்டு. கயிற்றையும் கழற்றாமல் ஒட்டுநாடா போட்டு மூட முடியுமா என்று முன்பே கேட்டு எழுதிவையுங்கள்.

உடன் இருப்பவர். கணவர் பிரசவ அறைக்குள் இருப்பதை இங்கே இயல்பாக எதிர்பார்க்கிறார்கள். உங்களுக்குக் கூச்சம் என்றால் அம்மாவோ அக்காவோ இருக்கலாம். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போக முடியாதபோது தாய்வீடே விமானம் ஏறி வருகிறது. ஆனால் பார்வையாளர் விசாவில் வரும் அம்மா வழக்கமாக ஒருமுறைக்கு ஆறு மாதம்தான் தங்கலாம். வளைகாப்புக்கே அழைத்துவிட்டால், பிள்ளை பிறந்து கை நடுங்கும் நாட்களில் அவர் திரும்பிப்போக நேரும். 36-ஆம் வாரத்தை ஒட்டி அழைப்பது என் கணக்கு. பயணக் காப்பீடு இல்லாமல் அழைக்க வேண்டாம்.

சைவம். வார்டு உணவுக்கு மட்டுமன்று, மருந்துக்கும் இது பொருந்தும். இரத்தம் உறையாமலிருக்கப் போடும் ஹெப்பாரின் வகை ஊசி பன்றியிலிருந்து எடுக்கப்படுவது. சில மாத்திரைக் கூடுகள் ஜெலட்டின். இதைத் தெரிந்துகொண்டு ‘பரவாயில்லை, உயிர் முக்கியம்’ என்பவர்கள் உண்டு. மாற்று கேட்பவர்களும் உண்டு. இரண்டும் உங்கள் முடிவு.

குளிர்ந்த நீர். பிரசவம் முடிந்ததும் ஐஸ் போட்ட தண்ணீரும், வெண்ணெய் தடவிய டோஸ்ட்டும் அன்போடு கொண்டுவருவார்கள். வெந்நீர் வேண்டும் என்று எழுதுங்கள், ஃபிளாஸ்க்கும் கொண்டுபோங்கள். பல வார்டுகளில் வீட்டுச் சாப்பாட்டைச் சூடாக்கித் தர மாட்டார்கள். பூண்டுக் குழம்போ சரக்குக் கறியோ சூடு தாங்கும் பாத்திரத்தில்தான் வர வேண்டும்.

லேகியம், பிரசவ மருந்து எது சாப்பிட்டாலும் மருத்துவச்சியிடம் பெயரைச் சொல்லுங்கள். திட்டுவார்கள் என்று மறைக்க வேண்டாம். சில நாட்டு மருந்துத் தயாரிப்புகளில் ஈயமும் பாதரசமும் கண்டுபிடிக்கப்பட்டிருப்பதால்தான் கேட்கிறார்கள். வீட்டில் அரைத்த இஞ்சி, மிளகுச் சரக்குக்கு யாரும் தடை சொல்லி நான் கேட்டதில்லை.

குழந்தைக்குச் சேனை வைப்பது என்றால் தேன் வேண்டவே வேண்டாம். ஒரு வயது வரை தேன் ஆபத்து. இந்த ஒன்றில் மருத்துவச்சிகள் விட்டுக்கொடுக்க மாட்டார்கள், நானும் அவர்கள் பக்கம்தான். கண்ணுக்கு மை வேண்டாம் என்பதும் அப்படியே. மையில் ஈயம் இருக்கலாம்.

வலி வரும்போது

ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை, ஒவ்வொன்றும் ஒரு நிமிடம் நீடிக்கும் அளவுக்கு வலி வந்தால் தொலைபேசுங்கள். பனிக்குடம் உடைந்தாலோ இரத்தம் போனாலோ உடனே. முதல் பிள்ளை என்றால் ‘இன்னும் வீட்டில் இருங்கள்’ என்பார்கள், அது வழக்கம். ஆனால் தொலைபேசியில் உங்கள் குரலை வைத்தே அவர்கள் வலியை அளக்கிறார்கள். கணவர் பேசினால் தெரியாது, நீங்களே பேசுங்கள். பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொள்வது நம் ஊரில் பெருமை. இங்கே சத்தம் போடாத பெண்ணுக்கு வலி குறைவு என்று எடுத்துக்கொள்ளும் ஆபத்து உண்டு. வலி பத்தில் எத்தனை என்று எண்ணால் சொல்லுங்கள். ‘அம்மா’ என்று அலறுவதும் தாராளமாகச் செய்யலாம். அந்தச் சொல்லுக்கு மொழிபெயர்ப்பாளர் தேவையில்லை.

உங்களுக்கு என்ன செய்தாலும் சம்மதம் கேட்க வேண்டும். 2015-இல் மான்ட்கோமரி வழக்கில் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் இதை உறுதியாகச் சொன்னது. நீரிழிவு உள்ள, உயரம் குறைந்த ஒரு தாயிடம், பிள்ளையின் தோள் சிக்கிக்கொள்ளும் ஆபத்தை மருத்துவர் முன்பே சொல்லாமல் விட்டது அந்த வழக்கு. அதனால், எதையாவது செய்யலாம் என்றால் மூன்றைக் கேளுங்கள்: ஏன் செய்கிறீர்கள்? செய்யாவிட்டால் என்ன ஆகும்? யோசிக்க நேரம் இருக்கிறதா? பிறகு ‘ஓகேவா?’ என்பார்கள். அங்கே தலையை ஆட்டாமல், புரிந்ததை உங்கள் வாயால் திருப்பிச் சொல்லுங்கள். தப்பாகப் புரிந்திருந்தால் அந்த இடத்திலேயே திருத்திவிடுவார்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு

சுகப்பிரசவம் என்றால் ஒரே நாளில், சில வேளை சில மணி நேரத்தில் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். ஊரில் எண்ணெய்க் குளியலும் படுக்கையுமாக இருக்க வேண்டிய நாட்களில் இங்கே தாயே எழுந்து குளித்து, பையைத் தூக்கிக்கொண்டு காரில் ஏற வேண்டும். மனம் வெறுத்துப்போகும். இது அலட்சியமல்ல, இந்த ஊர்ப் பழக்கம்.

மறுநாள் மருத்துவச்சி வீட்டுக்கு வருவார், அல்லது உங்களை அருகிலுள்ள மையத்துக்கு அழைப்பார். துடக்கு, தீட்டு என்று முப்பத்தொரு நாள் வெளியே போகாத குடும்பம் என்றால் வீட்டுக்கே வரச் சொல்லுங்கள். செருப்பைக் கழற்றச் சொன்னால் அவர் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார். ஐந்தாம் நாள் குழந்தையின் குதிகாலில் ஊசியால் குத்தி இரத்தத் துளி எடுப்பார்கள். பாட்டிமார் அலறும் நாள் அது.

சீம்பாலைப் பிழிந்து கொட்டிவிடும் பழக்கம் இன்னும் சில வீடுகளில் இருக்கிறது, கொட்டாதீர்கள். மஞ்சள் காமாலையை நம் பிள்ளைகளின் தோலில் கண்டுபிடிப்பது கடினம். 2023-இல் பிரிட்டனில் வெளியான ஓர் ஆய்வு, பிறந்த குழந்தையைப் பார்க்கும் அளவுகோல்கள் வெள்ளைத் தோலை மனத்தில் வைத்தே உருவானவை என்று சுட்டிக்காட்டியது. ஆகவே மருத்துவச்சி சருமத்தைப் பார்த்துவிட்டு ‘நன்றாக இருக்கிறான்’ என்றால், ‘கண்ணின் வெண்விழியையும் ஈறையும் பாருங்கள்’ என்று நீங்கள் சொல்லலாம். காலை வெயிலில் காட்டினால் போதும் என்று இருந்துவிட வேண்டாம். முதல் 24 மணி நேரத்தில் மஞ்சள் தெரிந்தால் அது அவசரம்.

தூளி, ஏணை விஷயத்தில் சச்சரவு வரும். இரவுத் தூக்கத்துக்குத் தட்டையான, உறுதியான மெத்தை, மல்லாந்த நிலை, 16 முதல் 20 பாகை வெப்பம், வீட்டுக்குள் தொப்பி வேண்டாம் என்பார்கள். பிள்ளையைப் பக்கத்தில் போட்டுத்தான் தூங்குவீர்கள் என்றால் அதை மறைக்காதீர்கள். அதைப் பாதுகாப்பாகச் செய்யும் முறையைச் சொல்லித்தருவார்கள். பொய் சொன்னால் சொல்லித்தர வழியில்லை.

‘மனம் சோர்வாக, நம்பிக்கையற்று இருக்கிறதா?’ என்ற கேள்வியும் வரும். நம் பெண்கள் உடம்பைச் சொல்லித்தான் பதில் தருவார்கள்: தலை பாரம், கை கால் அசதி, நெஞ்சு படபடப்பு. நான் மொழிபெயர்க்கும்போது அப்படியே சொல்லிவிட்டுக் காத்திருப்பேன். நீங்கள் அடுத்த வாக்கியத்தையும் சொல்லுங்கள்: ‘பிள்ளையைப் பார்த்தால் ஒன்றும் தோன்றவில்லை’, ‘எங்கேயாவது போய்விடலாம் போல இருக்கிறது’. இதைச் சொன்னால் பிள்ளையைப் பிடுங்கிக்கொள்வார்கள் என்று தமிழர்களிடையே ஒரு வதந்தி உலவுகிறது. நான் உடன் இருந்தவரை, சொன்னவர்களுக்குக் கிடைத்தது உதவிதான்.

மரியாதை கிடைக்காவிட்டால்

பிரிட்டனின் தாய்மார் இறப்பு அறிக்கைகளில் கறுப்பினத் தாய்மாருக்கும் ஆசியத் தாய்மாருக்கும் வெள்ளையினத் தாய்மாரைவிட நிலைமை மோசமாக இருந்துவந்திருக்கிறது. ஆகவே ‘நாம்தான் மிகையாக நினைக்கிறோமோ’ என்று வாயை மூடிக்கொள்ளத் தேவையில்லை. வேறு மருத்துவச்சி வேண்டும் என்று கேட்கலாம். காரணம் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. ஒவ்வொரு மருத்துவமனையிலும் ‘பால்ஸ்’ என்ற நோயாளர் உதவிப் பிரிவு இருக்கும்; தமிழிலேயே சொல்லலாம், மொழிபெயர்ப்பாளர் ஏற்பாடு செய்வார்கள். முறையிட்டால் விசாவுக்குச் சிக்கல் வரும் என்பது வெறும் பயம்.

பதிவும் சாதகமும்

42 நாளுக்குள் பிறப்பைப் பதிய வேண்டும். இங்கே பிறந்ததாலேயே பிள்ளைக்கு பிரிட்டிஷ் குடியுரிமை வந்துவிடாது. பெற்றோரில் ஒருவராவது குடியுரிமையோ நிரந்தர வதிவிட உரிமையோ பெற்றிருக்க வேண்டும். பதிவின்போது பெயரின் எழுத்துகளை ஒன்றுக்கு மூன்று முறை பாருங்கள். ‘ழ’ வரும் பெயர் வைத்தவர்களுக்கு என் அனுதாபம்.

இங்கிலாந்தின் பிறப்புச் சான்றிதழில் பிறந்த நேரம் இருக்காது. இரட்டைப் பிள்ளைகளுக்கு மட்டும்தான் எழுதுவார்கள். ஆகவே சாதகம் கணிக்கிற குடும்பம் என்றால், நேரத்தை நிமிடக் கணக்கில் வேண்டும் என்று பிரசவத் திட்டத்திலேயே எழுதிவிட்டு, பிறந்ததும் மருத்துவச்சியிடம் கேட்டு வாங்குங்கள். அறுவைசிகிச்சை அறையிலும் குறித்திருப்பார்கள். எதற்கு என்று அவர் கேட்டால் சொல்லுங்கள். சிலர் தங்கள் ராசியைக் கேட்க ஆரம்பித்துவிடுவார்கள். பிள்ளை மார்ச் கடைசி ஞாயிறுக்கும் அக்டோபர் கடைசி ஞாயிறுக்கும் இடையில் பிறந்திருந்தால், இந்த நாட்டுக் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னால் ஓடியது என்பதை ஊரிலிருக்கும் சோதிடருக்குத் தொலைபேசியில் சொல்ல மறந்துவிடாதீர்கள். என் மூத்தவனுக்கு லக்கினமே மாறிப்போய், இரண்டாவது முறை தட்சணை கொடுக்க வேண்டி வந்தது.